பங்குக் கிணறு

முதலில் தேத்தண்ணி திரைந்தது.
பாலில் பிழை என்று கடைக்காரியோடு கொழுவினேன்.
பிறகு வெங்காயத் தாளின் நுனிகள் காய்ந்தன,
ஆரோ ஒவ்வொன்றாய்த் தீக்குச்சி பிடித்ததுபோல.
அப்போதுதான் கிணற்றில் அள்ளி
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

கடல் இங்கிருந்து மூன்று கட்டை.
அது தானாக வரவில்லை.
நாங்கள்தான் மோட்டர் பூட்டி இழுத்தோம்.

பத்தமேனியில் நான் செய்வது நாலு பரப்பு,
அதில் ஒன்றரை குத்தகை.
போன மாசியில், பனி பெய்யவேண்டிய நாளில்,
மூன்று நாள் மழை விடாமல் பெய்தது.
வெங்காயம் பாத்தியிலேயே அவிந்து மணத்தது.
அடைவு வைத்த காப்பு இன்னும் வங்கியில்.
இந்தமுறை பாத்தியை ஒரு சாண் உயர்த்தினேன்.
பாதியைத் தையில் நட்டேன்,
மீதியை மாசிக் கடைசியில்:
ஒன்று போனாலும் மற்றது வட்டியாவது கட்டும்.
உவர் ஏறிய தெற்கு மூலைக்கு பீற்றூட்,
உப்பைப் பெரிதுபடுத்தாத சாதி அது.

மழைக்கும் வெயிலுக்கும்
என்ரை காணிக்குள் நானே கணக்குப் போடலாம்.
கிணறோ நாலு பேருக்கு.

உறுதியில் இருக்கிறது:
'நாலில் ஒரு பங்கு கிணறும்
வழி வாய்க்கால் உரித்தும்.'
உப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.
எழுதிய நொத்தாரிசு
குடித்தது நல்ல தண்ணி.

விவசாயப் போதனாசிரியை வந்தாள்.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே
போத்தலில் கயிறு கட்டி இறக்கினாள்,
மேலே ஒருக்கால், அடியில் ஒருக்கால்.
"ரெண்டையும் குடிச்சுப் பாருங்கோ."
ஒன்று தண்ணி. மற்றது துப்பவேண்டியது.
நல்லது மேலே மிதக்குதாம்,
கூழின் மேல் ஆடைபோல.
நாங்கள் அடியில் குழாயை விட்டு
ஆடைக்குக் கீழே உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

எட்டடி குழாயை உயர்த்தவேண்டும்.
நாற்பது நிமிசம் இறைத்து நிப்பாட்டவேண்டும்.
ஊறியபின் திரும்ப நாற்பது.

"அறுநூறு வாழை," என்றான் யோகறூபன்,
"நாற்பது நிமிசத்திலை நனையுமோ?
நான் நிப்பாட்ட நீர் இறைப்பீர்.
எனக்குத் தெரியாதே?"
அவனுக்குத் தெரிந்ததில் பிழையில்லை.
போன வருசம் அப்படித்தான் இறைத்தேன்.

பெனடிக்ற் மட்டும் பேசாமல்
கிணற்றுக் கட்டில் கரியால் நாலு கோடு கீறி
ஒன்றைத் தொட்டுக் கேட்டான்:
"சுதர்சனன்ரை முறையை ஆர் இறைக்கிறது?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.
புதன்கிழமைகளை மூன்று பேரும்
தனித்தனியாய்க் களவெடுத்துக்கொண்டிருந்தோம்.

கனடாவுக்கு எடுத்தோம்.
கார் மூடிய பனியைச் சுரண்டிக்கொண்டே
சுதர்சனன் சொன்னான்:
"எனக்கேன் தண்ணி? வேணுமெண்டால் எடுங்கோவன்."
எடுக்கப் போவதில்லை என்று
சொல்லத்தான் எடுத்தது என்பதை
அவனுக்கு விளங்கப்படுத்த
போன் காட்டில் பாதி முடிந்தது.

இப்போது புதன் கிணற்றுக்கு.

பங்குனி பிறந்தது.
இரண்டாம் நடுகை தலை தொங்கியது.
ஒரு புதன் இரவு, ஊர் அடங்கியபின்,
செருப்பில்லாமல் போனேன்.
சுவிச்சில் கை வைத்தபோது
வாழைக்குள்ளிருந்து ஒரு டோர்ச் வெளிச்சம்.

"ஆரது?"
"நான்தான்."
"என்ன இந்த நேரம்?"
"சும்மா, கிணறு பாக்க வந்தனான்."
"நானும்தான்," என்றான் யோகறூபன்.

இரண்டும் பொய்.
டோர்ச்சைக் கிணற்றுக்குள் பிடித்தான்.
நேற்று நின்ற கல்லுக்கு
நாலு விரற்கடை மேலே தண்ணி நின்றது.
சரியாய்ப் பார்க்க
இருவரும் ஒரே பக்கம் குனிந்தோம்.
மோட்டர் சும்மா கிடந்தது.